காலேஜ் பொண்ணு

எனக்குப் பொறாமை உண்டு. சின்ன வயதிலிருந்தே உண்டு. பக்கத்து வீட்டிலிருந்து மீன் குழம்பு வாசனை வந்தால் எங்கள் வீட்டுச் சாம்பார் எனக்குத் தொண்டையில் இறங்காது. இதைத்தான் 'ஆரோக்கியமான போட்டி' என்று பள்ளி ஆண்டு விழா மேடையில் யாரோ ஒருவர் புகழ்ந்து பேசினார். அதற்கெல்லாம் பவுடர் பூச வேண்டாம். வயிற்றெரிச்சல்தான். ஆனால் அதுவரை எனக்கு வந்த வயிற்றெரிச்சல் எல்லாம் ஓரிரு நாளில் தானாக அடங்கிவிடுகிற வகை. பிளஸ் ஒன் தொடங்கியபோது ஒருத்தி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதன் பிறகு வந்தது அடங்கவே இல்லை.

எங்கள் வீடு மேனாம்பேட்டில். அப்பா தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்குக் குட்டியானை என்கிற சின்ன வண்டியில் லோடு அடிக்கிறார். அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல். எங்கள் வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அப்பா மட்டும் மிதித்திருக்கிறார், அட்டைப்பெட்டி இறக்குவதற்காக. ஆறாம் வகுப்பிலிருந்து கணக்கில் நான்தான் வகுப்பில் முதல். 'கணக்குக்கு யாரு?' என்று கேட்டால் மொத்த வகுப்பும் என் பக்கம் திரும்பும். அந்தத் திரும்பலுக்காகத்தான் நான் பள்ளிக்கே போய்க்கொண்டிருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அவள் கோயம்புத்தூரிலிருந்து வந்தவள். அம்மா, அப்பா இரண்டு பேருக்கும் ஐ.டி. வேலை. புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் ஏழாவது மாடியில் வீடு. வந்த மாதமே நடந்த தேர்வில் கணக்கில் முதல் மதிப்பெண் அவளுக்குப் போனது. தாளைக் கொடுத்த கணக்கு மிஸ், "இனிமே உனக்கு வேலை இருக்கு" என்று என்னிடம் சிரித்தார். அவருக்கு அது வேடிக்கை. எனக்கு அன்றைக்கு மதியச் சாப்பாடு டப்பாவோடு வீட்டுக்குத் திரும்பிப் போனது.

இதில் பெரிய கொடுமை, அவள் நல்லவள். கொஞ்சம் திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! நிம்மதியாக வெறுத்திருப்பேன். ஆனால் அவள் தன் டப்பாவிலிருந்த அரிசிம்பருப்பு சாதத்தில் பாதியை என் தட்டில் கொட்டிவிட்டு, என் கருவாட்டுத் தொக்கை விரலால் நக்கிச் சாப்பிடுகிறவள். ஒரு மாதத்துக்குள் இருவரும் இணைபிரியாத தோழிகள் ஆகிவிட்டோம். தோழியாகவும் இருந்துகொண்டு பொறாமையும் பட்டுக்கொண்டிருப்பது லேசான வேலை இல்லை. முகத்துக்கு ஓய்வே கிடையாது.

பிளஸ் ஒன் முடிகிற சமயத்தில்தான் அவள் அந்தப் படிப்பைப் பற்றிச் சொன்னாள். நகரத்தின் பெரிய கல்லூரி ஒன்று இணையத்தில் ஒரு பட்டப்படிப்பு நடத்துகிறதாம். பள்ளியில் படிக்கிறவர்களும் சேரலாமாம். முதலில் சில வாரங்கள் பாடம் நடத்தி, வாராவாரம் அசைன்மென்ட் கொடுத்து, கடைசியில் ஒரு தகுதித் தேர்வு வைப்பார்கள். அதை மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். தேறிவிட்டால் பிளஸ் டூ படித்துக்கொண்டே கல்லூரிப் பாடங்களையும் படிக்கலாம். தேறாவிட்டால் இன்னொரு முறை எழுதலாம், அவ்வளவுதான்.

"சேரலாம்டி, ரெண்டு பேரும். பள்ளிக்கூடத்துல உக்காந்துட்டே நாம காலேஜ்!" என்றாள்.

"இன்னாத்துக்குடி? பன்னெண்டாவதே தலைக்கு மேல கீது" என்றேன். சொல்லும்போதே மனதுக்குள் நான் சேர்ந்து, தேறி, அவள் தேறாமல் போய், அவளுக்கு ஆறுதல்கூடச் சொல்லி முடித்துவிட்டேன்.

வீட்டில் கல்லூரியின் பெயரைச் சொன்னதும் அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். "அந்தக் காலேஜா? கேட்டு வரிக்கும் லோடு எட்த்துகினு போய்கீறேன். உள்ள உட மாட்டான். அங்கயேவா நீ படிக்கப் போற?" என்றார். உள்ளே போக வேண்டியதில்லை, போனிலேயே படிக்கலாம் என்று விளக்கினேன். அவர் முகத்தில் இருந்த வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது. ஆனாலும் மறுநாளே பதிவுக் கட்டணத்தைக் கட்டினார்.

அங்கேதான் மாமா உள்ளே நுழைந்தார். அம்மாவின் தம்பி. அடுத்த தெருவில் இருக்கிறார். எங்கள் பக்கத்தில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கிரகப்பிரவேசம், கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் ஃப்ளெக்ஸ் போர்டு வைப்பது மாமாவும் அவருடைய கூட்டாளிகளும்தான். பணம் கட்டியாகிவிட்டது என்று அம்மா அவரிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். மாமாவுக்குத் தெரிந்த கல்லூரிகள் எல்லாம் ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துத் தனியார் கல்லூரிகள். அங்கே பணம் கட்டினால் சீட்டு கிடைத்துவிட்டது என்று பொருள். பணத்தைக் கட்டிய பிறகு ஒரு பரீட்சை வைத்து வெளியே துரத்துகிற கல்லூரி ஒன்று உலகத்தில் இருக்கும் என்று அவர் எப்படி நினைப்பார்?

திங்கட்கிழமை காலையில் சீருடையோடு தெருமுனைக்குப் போனேன். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் என் முகம், ஆள் உயரத்துக்கு. யாரோ கல்யாணத்தில் எடுத்த பாவாடை தாவணிப் படம். 'பள்ளியில் படிக்கும்போதே கல்லூரியில் கால் பதித்த எங்கள் குலவிளக்கே, வாழ்க வளமுடன்!' என்று எழுதி, கீழே மாமாவும் கூட்டாளிகளும் கூலிங்கிளாஸ் போட்டு வரிசையாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாமா வீட்டுக்கு ஓடினேன். "மாமா, நான் இன்னும் பரீட்சையே எழுதல."

"எழுதுவ இல்ல? அப்புறம் இன்னா? மாமன் கீறேன், நீ தெகிரியமா எழுது" என்று சொல்லிவிட்டுப் பல் தேய்க்கப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அவள் போர்டைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக என்னோடு வந்தாள். அதன் முன்னால் நின்று என்னைக் கட்டிப்பிடித்து செல்ஃபி எடுத்தாள். "எங்க வீட்டுல எல்லாம் யாரு இப்படிப் பண்ணப் போறாங்க?" என்றாள். கிண்டல் என்றே எடுத்துக்கொண்டேன்.

பாடம் தொடங்கியது. அவளுக்கு லேப்டாப், தனி அறை, வைஃபை. எனக்கு அப்பாவின் பழைய போன். வீட்டுக்குப் பின்னால் ஒரு லேத் பட்டறை. பேராசிரியர் ஒரு வார்த்தை சொன்னால் பட்டறை ஒரு வார்த்தை சொல்லும். நானும் ஆங்கில வழியில் படித்தவள்தான், ஆனால் அந்த ஆங்கிலம் ரயில் வேகத்தில் போனது. ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். அவள் ஒரே தடவையில் பார்த்துவிட்டு, "அந்த ரெண்டாவது கணக்கு செம்ம அழகுடி" என்பாள். கணக்கில் அழகு என்று ஒன்று இருப்பதே எனக்கு அவள் சொல்லித்தான் தெரிந்தது. அதுவும் எரிந்தது.

தகுதித் தேர்வில் அவள் தேறினாள். எனக்குப் புள்ளியியல் காலை வாரிவிட்டது. கணக்கில் நல்ல மதிப்பெண்தான், ஆனால் ஒவ்வொரு பாடத்திலும் தனித்தனியாகத் தேற வேண்டும் என்பது விதி.

போர்டை மாமா சத்தமில்லாமல் கழற்றினார். எங்கள் பக்கத்தில் ஃப்ளெக்ஸை யாரும் தூக்கி எறிய மாட்டார்கள். மழைக்கு ஆகும், மணல் மூட ஆகும். என்னுடையது தெருமுனை இஸ்திரி வண்டிக்குக் கூரையானது. நான் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஊர்த்துணிகள் இஸ்திரியாவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்குப் போக அதுதான் வழி, வேறு வழி கிடையாது. அம்மா, "இன்னாத்துக்குடி மூஞ்சியத் தூக்கி வெச்சிகினு கீற? அடுத்த வாட்டி எழுதிக்கலாம்" என்பார். போர்டும் என் முகமும் அவருக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. அவர் கவலையெல்லாம் நான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்பதில்தான்.

பிளஸ் டூ முழுக்க எனக்கு நரகம். அவளுக்குக் கல்லூரியின் பெயரோடு ஒரு மெயில் ஐடி வந்தது. ஒரு மெயில் ஐடிக்காக ஒருத்தி தூக்கம் கெடுவாளா என்று கேட்காதீர்கள். நான் கெட்டேன். என் பெயருக்குப் பின்னால் அந்தக் கல்லூரியின் பெயரைப் போட்டு, அனுப்ப முடியாத மெயில் ஒன்றை டைப் அடித்துப் பார்த்து அழித்திருக்கிறேன். பிசிக்ஸ் சார் அவளைக் 'காலேஜ் பொண்ணு' என்று கூப்பிட ஆரம்பித்தார். "எங்க, காலேஜ் பொண்ணு சொல்லட்டும்" என்பார். மொத்த வகுப்பும் அவள் பக்கம் திரும்பும். முன்பெல்லாம் என் பக்கம் திரும்பிய அதே தலைகள்.

அவள் என்னை விடவில்லை. இரண்டாவது தடவை எழுதச் சொல்லிப் பிடுங்கினாள். புள்ளியியல் பாடத்தைத் தானே சொல்லி வாய்ஸ் மெசேஜாக அனுப்பிக்கொண்டிருந்தாள். நான் ஒன்றையும் திறக்கவில்லை. கேட்டால் கேட்டதாக டிக் விழுந்துவிடும், அப்புறம் நான் தேறினால் அது அவள் போட்ட பிச்சை ஆகிவிடும். "கேட்டியாடி?" என்று காலையில் கேட்பாள். "நெட்டு இல்லடி" என்பேன். அவளும் நம்பினாள், அல்லது நம்புகிற மாதிரி இருந்துகொண்டாள்.

தனியாகவே படித்தேன். எனக்கு அந்தக் கல்லூரி வேண்டும். அவளுக்கு முன்னால் வேண்டும் என்பது போய்விட்டது. அவளோடு சமமாகவாவது நிற்க வேண்டும். பட்டறை திறப்பதற்கு முன்பு விடியற்காலையில் எழுந்து வீடியோ பார்ப்பேன். புரியாத இடம் வரும்போதெல்லாம் அந்தத் திறக்காத வாய்ஸ் மெசேஜ்கள் நினைவுக்கு வரும். ஒவ்வொன்றிலும் எனக்கு வேண்டிய பதில் இருந்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓட்டுவேன். சீக்கிரம் முடிந்திருக்க வேண்டிய பாடம் அப்படித்தான் இழுத்துக்கொண்டு போனது.

தேர்வு மையம் பூந்தமல்லியைத் தாண்டி ஒரு கல்லூரியில். அப்பா குட்டியானையில் கூட்டிப் போனார். காரிலிருந்து இறங்கிய பிள்ளைகளுக்கு நடுவே நான் லோடு வண்டியிலிருந்து குதித்தேன். அவர் கரையான்சாவடிக்குத் திரும்பிப் போய் ஒரு டீக்கடை ஓரமாக வண்டியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். நான் எழுதி முடித்து வந்ததும், "எப்டி எழ்தன?" என்று கேட்கவில்லை. "பசிக்குதா?" என்றுதான் கேட்டார்.

தேறிவிட்டேன். புள்ளியியலில் நன்றாகவே தேறிவிட்டேன். மெயிலைப் பார்த்ததும் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுது முடித்த கையோடு, "இந்த வாட்டி உன் மாமன்கிட்ட மூச்சு உட்டுடாத. மறுபடி கம்பம் நட்டுடப் போறான்" என்றார்.

ஆனால் என் மனம் அங்கே இல்லை. அவளிடம் சொல்ல வேண்டும். போனில் இல்லை, நேரில். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். கொஞ்சமாவது சுருங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு வருடமாக நான் மறைத்துக்கொண்டு திரிந்ததில் ஒரு துளியையாவது அவள் முகத்தில் பார்த்துவிட்டால் போதும், என் வயிறு குளிர்ந்துவிடும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருப்பதிலேயே நல்ல சுடிதாரைப் போட்டுக்கொண்டு ஏழாவது மாடிக்கு லிஃப்டில் ஏறினேன்.

அவளுடைய அப்பாதான் கதவைத் திறந்தார். "வா கண்ணு, உட்காரு" என்றார். விஷயத்தைச் சொன்னேன். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். "நல்லாப் படி கண்ணு. எங்க பொண்ணுக்கு அதை நிறுத்தியாச்சு. நீட் இருக்குதுல்ல? ரெண்டையும் இழுத்துட்டு அவளால ஓட முடியாது. அவங்கம்மாவுக்கும் எனக்கும் அவளை டாக்டர் ஆக்கோணும்னு ஆசை. போன வாரமே அந்தப் படிப்ப விட்டுட்டோம்னு எழுதிப் போட்டாச்சு."

அவள் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் தடிமனான உயிரியல் புத்தகம். பள்ளியில் அந்த வாரம் முழுக்க என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவள். இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"தேறிட்டியா? நிஜமாவா? ரொம்ப சந்தோஷம்டி" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை எனக்கு நன்றாகத் தெரியும். உதடு சரியாக விரியும், கன்னமும் ஏறும், கண் மட்டும் கூட வராது. அதைச் செய்வதற்கு எவ்வளவு தெம்பு வேண்டும் என்று என்னைத் தவிர அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்? நான் பார்க்க வந்தது அதுதான். பார்த்தும்விட்டேன். வயிறு குளிரவில்லை. அங்கிருந்து எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

லிஃப்ட் வரை கூடவே வந்தாள். அப்பா காதில் விழாத தூரம் வந்ததும் என் கையைப் பிடித்தாள். "உன் லாகின் குடுப்பியா? வீடியோ மட்டும் பாத்துக்கறேன். அசைன்மென்ட், குவிஸ் எதையும் தொட மாட்டேன். லேப்டாப்பையும் போனையும் வாங்கி வெச்சுட்டு ஒரு பட்டன் போன் குடுத்திருக்காங்க. கோச்சிங்ல குடுத்த டேப்லெட்ல பாத்துக்கறேன். வீட்டுல கேட்டா பயாலஜின்னு சொல்லிக்குவேன்."

கொடுத்தேன். தோழமைக்காக மட்டும் கொடுத்தேன் என்று சொன்னால் பொய். முதல் தடவையாக அவள் கேட்கிற இடத்திலும் நான் கொடுக்கிற இடத்திலும் நின்றோம். அது எனக்குப் பிடித்திருந்தது.

எனக்கும் மெயில் ஐடி வந்தது. முதல் மெயிலை அப்பாவுக்கு அனுப்பினேன். மெயிலைத் திறக்கத் தெரியாததால் அவர் என்னிடமே போனை நீட்டினார். பாடங்கள் தொடங்கின. இந்த முறை நிகழ்தகவு. ஒரு சம்பவம் நடந்துவிட்டது என்று தெரிந்த பிறகு இன்னொன்று நடக்க என்ன வாய்ப்பு என்கிற கணக்கு. மூன்றாவது வாரத்திலேயே நான் சிக்கிக்கொண்டேன். நாள் முழுக்க ஒரே வீடியோவில் முட்டிக்கொண்டு கிடந்துவிட்டு, இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பாடப் பட்டியலைக் கீழே தள்ளிப் பார்த்தேன்.

அந்தப் பக்கத்தில் பார்த்து முடித்த வீடியோவுக்கு எதிரே பச்சை நிறத்தில் டிக் விழும். மூன்றாவது வாரம் முழுக்கப் பச்சை. நான்காவது வாரம் முழுக்கப் பச்சை. அன்று காலையில்தான் ஏற்றியிருந்த ஐந்தாவது வாரத்தில்கூடப் பாதி வரை பச்சை.

என் பெயர். என் அப்பா கட்டிய பணம். நான் இரண்டு தடவை எழுதி வாங்கிய இடம். அதிலும் அவள் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். பரீட்சை கிடையாது, மதிப்பெண் கிடையாது, பட்டம் கிடையாது, 'காலேஜ் பொண்ணு' என்று கூப்பிட இனி ஆள் கிடையாது. எதற்காகப் பார்க்கிறாள்? உயிரியல் படிப்பதாக நடித்துக்கொண்டு, ஒன்றுக்கும் உதவாத ஒரு பாடத்தை ஆசைக்காகவே பார்த்துத் தள்ளியிருக்கிறாள். எனக்கு அந்தப் பாடத்தின் மேல் அப்படி ஓர் ஆசை ஒரு நாளும் வந்ததில்லை. எனக்கு வந்ததெல்லாம் அவள் மேல் பொறாமைதான். மதிப்பெண்ணைப் பார்த்து எரிந்தேன், மெயில் ஐடியைப் பார்த்து எரிந்தேன். அவளிடம் உண்மையிலேயே இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன், அதைப் பணம் கட்டி வாங்கவும் முடியாது, பரீட்சை எழுதி வாங்கவும் முடியாது.

பாஸ்வேர்டை மாற்றுகிற பக்கத்தைத் திறந்தேன். புதிய பாஸ்வேர்டைக்கூட டைப் அடித்துவிட்டேன். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அவளால் ஏன் என்று கேட்கக்கூட முடியாது.

மூன்றாவது வாரக் கணக்கு அப்படியே புரியாமல் கிடந்தது.

அந்தப் பக்கத்தை மூடிவிட்டு அவளுடைய பட்டன் போனுக்கு அடித்தேன். எடுத்ததும் பதறிப் போய்க் கிசுகிசுத்தாள். "ஏண்டி, நான் பாக்கறது உனக்குத் தெரியுதா? தொந்தரவா இருக்கா? நிறுத்திக்கட்டுமா?"

"மூணாவது வாரம், கடைசி வீடியோ" என்றேன். "எனக்கு ஒன்னும் புரியலடி. சொல்லிக் குடு."

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற ஓசை கேட்டது. "சரி, ஒரு பேப்பர் எடுத்துக்கோ" என்று ஆரம்பித்தாள். முதலில் கிசுகிசுப்பாகத்தான் பேசினாள், போகப்போக அவளையும் மீறிக் குரல் உயர்ந்தது, நடுவில் சிரித்தாள், "பாத்தியா, எப்படி வருதுன்னு பாத்தியா!" என்று கத்தியேவிட்டாள். எனக்குக் கணக்கு புரிந்துகொண்டே வந்தது. அவள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்கக் கேட்க எனக்கு உள்ளே எரிந்துகொண்டும் இருந்தது. போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அடுத்தது சொல்லு" என்றேன்.